போன் போனால் கணக்கும் போகணுமா?

கேள்வி: டர்பன் வார்விக் டாக்சி நிலையத்தில் என் கணவரின் போனைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அன்று மாலையே பழைய எண்ணுக்குப் புது சிம் வாங்கிவிட்டோம். ஆனால் புதுப் போனில் ஜிமெயிலுக்குள் போக முடியவில்லை. ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்கத்தைக் கேட்கிறது; அந்த ஆப் பறிபோன போனில்தான் இருந்தது. அவர் எங்கள் கோயில் கமிட்டியின் செயலாளர். கோயிலின் ஜிமெயிலும் அதே போனில். தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. "இந்த ரெண்டு படி வம்பே வேண்டாம், எல்லாத்துலயும் எடுத்துடுங்க" என்கிறான் மகன். எடுத்துவிடலாமா? வைத்துக்கொள்வதென்றால், நாளை என் போனுக்கும் இதே கதி வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? ஜூலையில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகிறோம். அங்கே ஓடிபி வருமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் சொன்னதைப் பிறகு பார்ப்போம். முதலில் அவசரம். வீட்டிலோ கோயில் அலுவலகத்திலோ உங்கள் கணவர் முன்பு ஜிமெயில் பார்த்த கம்ப்யூட்டரோ டேப்லெட்டோ இருக்கிறதா? இருந்தால் அதில் எதையும் லாகவுட் செய்யாதீர்கள். பிரவுசரின் குக்கீகளையும் ஹிஸ்டரியையும் அழிக்காதீர்கள். "எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டு மறுபடி ட்ரை பண்ணலாம்" என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். முன்பு அந்தக் கம்ப்யூட்டரில் 'இந்தக் கருவியில் இனிக் கேட்க வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால், பெரும்பாலும் அங்கே பாஸ்வேர்டு மட்டும் போதும். அந்த நினைவு குக்கீயில்தான் இருக்கிறது. அழித்தால் அதுவும் போய்விடும். உள்ளே போனதும் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் பழைய ஆத்தென்டிகேட்டரை நீக்கிவிட்டுப் புதுப் போனில் புதிதாகச் சேருங்கள். அதே பக்கத்தில் கருவிகளின் பட்டியல் இருக்கும். அதில் பறிபோன போனைக் கண்டுபிடித்து சைன் அவுட் செய்யுங்கள்.

அப்படி ஒரு கம்ப்யூட்டர் இல்லையென்றால், ஆறு இலக்கம் கேட்கும் திரையின் அடியில் சின்ன எழுத்தில் 'ட்ரை அனதர் வே' என்று இருப்பதைத் தொடுங்கள். இரண்டாம் படிக்கென்று, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் அடுத்த சான்றுக்கென்று, முன்பே எண்ணைக் கொடுத்திருந்தால் எஸ்.எம்.எஸ் வழி அங்கே தெரியும். சிம் திரும்பிவிட்டதால் அது வேலை செய்யும். இங்கே பலர் குழம்புகிறார்கள்: கூகுளில், கணக்கு பூட்டிக்கொண்டால் மீட்பதற்காகக் கொடுக்கும் மீட்பு எண் வேறு, இரண்டாம் படி எண் வேறு. மீட்பு எண்ணாக மட்டும் கொடுத்திருந்தால் இந்தப் பட்டியலில் எஸ்.எம்.எஸ் வராமல் போகலாம். அப்போது மிஞ்சுவது கணக்கு மீட்பு விண்ணப்பம். அதை வீட்டு வைஃபையில், அவர் வழக்கமாக உட்காரும் கம்ப்யூட்டரிலிருந்தே போடுங்கள். தெரிந்த இடம், தெரிந்த கருவி என்பதையும் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பதில் வர 3 முதல் 5 வேலை நாள் ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

இந்த இடைவெளியில் ஒரு எச்சரிக்கை. கணக்கு போய்விட்டது என்று ஃபேஸ்புக்கில் ஒரு வரி எழுதினால் போதும், "நான் மீட்டுத் தருகிறேன்" என்று பத்துப் பேர் வருவார்கள். அத்தனையும் ஏமாற்று. கூகுளுக்குள் ஆள் வைத்திருப்பதாகச் சொல்லும் யாரும் ரேண்ட் வாங்கிக்கொண்டு கணக்கைத் திறந்து தர முடியாது.

இனி மகன் விஷயம். அவர் எரிச்சல் நியாயம், முடிவு தப்பு. ஜிமெயில் மற்ற கடிதப் பெட்டிகளைப் போல இல்லை. ஃபேஸ்புக், ஆன்லைன் கடைகள், வங்கிக் கடிதங்கள், வரித்துறையின் ஈஃபைலிங் என்று எல்லாவற்றுக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் கடிதம் வந்து விழுவது அங்கேதான். அதை ஒற்றைப் பாஸ்வேர்டில் விட்டால், எங்கோ ஒரு கடையின் தளத்தில் கசிந்த அதே பாஸ்வேர்டை இங்கேயும் போட்டுப் பார்ப்பவனுக்கு எல்லாமே திறந்துவிடும். கூகுள் 2021 இறுதிக்குள் 15 கோடி பேருக்கு மேல் இரண்டாம் படியைத் தானே போட்டுவிட்டது. அந்தக் கணக்குகளில் களவு போவது பாதியாகக் குறைந்தது என்று 2022 பிப்ரவரியில் சொன்னது. பாதியைக் குறைக்கும் ஒன்றை எரிச்சலுக்காகக் கழற்றிப் போட வேண்டாம்.

உங்கள் வீட்டில் தவறியது இரண்டாம் படி இருந்ததால் இல்லை. ஒரே ஒரு இரண்டாம் படி இருந்து, அதுவும் ஒரே போனுக்குள் இருந்ததால். குறைந்தது இரண்டு இடத்தில் அது இருக்க வேண்டும். அந்த இரண்டு இடமும் ஒரே நாளில் ஒரே கையால் பறிபோகாதவையாக இருக்க வேண்டும். இனி நான் எழுதுவதெல்லாம் இதற்கான வழிதான்.

ஒரு தாளை எடுத்து உங்கள் கணக்கு ஒவ்வொன்றையும் எழுதி, 'இது பூட்டிக்கொண்டால் எதை வைத்துத் திறப்பேன்?' என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். ஜிமெயிலுக்கு மீட்பு எண் இந்தப் போனில். மீட்பு மெயில் அவுட்லுக்கில். அந்த அவுட்லுக்கின் ஆறு இலக்கமும் அதே ஆத்தென்டிகேட்டரில். ஆத்தென்டிகேட்டரின் சேமிப்பு அதே கூகுள் கணக்கில். பேக்கப் கோடுகளைப் படம் எடுத்து வைத்தது கூகுள் போட்டோஸில். எல்லா அம்பும் சுற்றி அதே போனுக்கு வந்து சேர்கிறதா? வீட்டுச் சாவிகளை எல்லாம் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். ஒரு அம்பாவது போனுக்கு வெளியே, காகிதத்திலோ வேறொருவர் வீட்டிலோ போய் நிற்க வேண்டும்.

அந்தக் காகிதம்தான் பேக்கப் கோடு. கூகுளில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பக்கத்திலேயே 'பேக்கப் கோட்ஸ்' இருக்கிறது. 10 கோடுகள் தரும். ஒவ்வொன்றும் 8 இலக்கம். ஆறு இலக்கத்துக்குப் பதிலாக இதைப் போடலாம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். புதிதாக 10 வாங்கினால் பழைய 10-ம் அந்த நொடியே செத்துவிடும். மேசையறையில் இரண்டு மூன்று தாள் சேர்ந்து, எது புதிது என்று தெரியாமல் முழிப்பது இதனால்தான். தாளின் மேல் தேதி போடுங்கள், பழையதைக் கிழித்துவிடுங்கள். ஃபேஸ்புக்கும் இப்படி 10 தருகிறது.

தாளில் கோடு மட்டும் இருக்கட்டும். பக்கத்தில் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் எழுதிவைத்தால், தாளை எடுத்தவனுக்கு இரண்டு படியையும் நீங்களே கொடுத்த மாதிரி. எந்தக் கணக்கு என்று உங்களுக்கு மட்டும் புரியும் ஒரு குறிப்பு போதும். பில் அடிக்கும் மெஷின் தாளில் பிரின்ட் எடுக்காதீர்கள், அது மங்கிவிடும். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள், பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி பத்திரமான இடம் இல்லை. இன்னொரு பிரதியை வேறு ஊரில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ லெனேசியாவிலோ இருக்கும் அக்கா தங்கை வீட்டில் வைக்கலாம். மூன்றாவதாக, ஒரே ஒரு கோடை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி பர்சில் வையுங்கள். போன் கவருக்குள் வேண்டாம்.

பர்சில் எதற்கு என்றால், ஆண்ட்ராய்டு போன் பறிபோன உடனே வேறொருவர் போனிலிருந்து அதைத் தேடவும் பூட்டவும் கூகுள் கணக்குக்குள் போக வேண்டும். அங்கேயும் இரண்டாம் படி கேட்கும்! கையில் ஒரு கோடு இருந்தால் அங்கேயே, டாக்சி நிலையத்திலேயே பூட்டிவிடலாம். ஆண்ட்ராய்டு 10-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில் செட்டிங்ஸில் 'தெஃப்ட் ப்ரொடெக்‌ஷன்' என்று தேடினால் ரிமோட் லாக் என்று ஒன்று கிடைக்கும். அதை முன்பே இயக்கி வைத்தால் போன் எண்ணை மட்டும் கொடுத்துத் திரையைப் பூட்டலாம். அதற்குப் பக்கத்திலேயே, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவதை உணர்ந்து தானே பூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. இரண்டையும் இன்றே போடுங்கள். ஐபோனாக இருந்தால், தேடும் பக்கத்துக்கு ஆப்பிள் பாஸ்வேர்டு மட்டும் போதும், இரண்டாம் படி கேட்காது. ஆனால் ஐஓஎஸ் 17.3-ல் வந்த 'ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்‌ஷன்' இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிரட்டி போனின் பின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகும் ஊரில் அது ரொம்ப முக்கியம். வீட்டை விட்டு வெளியே இருக்கும்போது ஆப்பிள் பாஸ்வேர்டை மாற்ற முயன்றால் முகம் கேட்கும், ஒரு மணி நேரம் காக்க வைக்கும், மறுபடி முகம் கேட்கும்.

ஆத்தென்டிகேட்டர் ஆப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதல் நாள் க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்தீர்களே, அதில் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. கூகுள் தருவது 32 எழுத்து. அந்தச் சாவியையும் அந்த நேரத்தின் மணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்கம் வருகிறது. அங்கே கூகுளும் அதே கணக்கைப் போட்டு ஒத்துப் பார்க்கிறது. இதற்கு நெட்வொர்க் வேண்டாம், டேட்டா வேண்டாம், சிம்கூட வேண்டாம். லோட் ஷெடிங் நீண்டு டவரின் பேட்டரி இறங்கி எஸ்.எம்.எஸ் வராமல் தவித்த காலத்திலும், இன்வெர்ட்டரும் ஃபைபரும் இருந்த வீட்டில் ஆப்பை வைத்து உள்ளே போக முடிந்தது இதனால்தான். கோடு சரியாகப் போட்டும் 'தவறு' என்று வந்தால் முதலில் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். பல தளங்கள் ஒரு படி, அதாவது அரை நிமிடம், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தள்ளிவிடும். தேதி நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் விட்டால் சரியாகிவிடும்.

சாவிதான் எல்லாம் என்பதால், அந்தச் சாவி இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே ஆறு இலக்கம் வரும். க்யூஆர் படம் திரையில் இருக்கும்போதே உங்கள் போனில் ஒரு முறை, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனில் ஒரு முறை ஸ்கேன் செய்துவிடுங்கள். பழைய போனுக்கு சிம் வேண்டாம், திரைப் பூட்டு மட்டும் போடுங்கள். மாதம் ஒரு முறை பாதி சார்ஜ் ஏற்றி, கடிகாரம் சரியாகிக்கொள்ள ஐந்து நிமிடம் வைஃபையில் விட்டால் போதும். எப்போதும் சார்ஜரில் சொருகி வைக்காதீர்கள், பேட்டரி உப்பிவிடும். ஏற்கெனவே போட்டுவிட்ட கணக்குகளுக்கு கூகுள் ஆத்தென்டிகேட்டரின் மெனுவில் 'ட்ரான்ஸ்ஃபர் அக்கவுன்ட்ஸ்' இருக்கிறது. பழைய சாவிகளை அது ஒரு க்யூஆராகக் காட்டும், அடுத்த போனில் ஸ்கேன் செய்துகொள்ளலாம். புதுப் போன் வாங்கிய சந்தோஷத்தில் பழையதை அழித்துப் பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வெளியே நிற்பவர்கள் செய்யாமல் விட்டது இந்த ஒரு வேலையைத்தான்.

2023 ஏப்ரலிலிருந்து கூகுள் ஆத்தென்டிகேட்டர் சாவிகளை கூகுள் கணக்கிலேயே சேமிக்கவும் செய்கிறது. ஆப்பின் மேலே வலப்பக்கம் மேகப் படத்தில் குறுக்குக்கோடு இருந்தால் சேமிக்கவில்லை என்று அர்த்தம். வசதிதான், ஆனால் மேலே சொன்ன வட்டத்தை நினைவில் வையுங்கள். மற்ற கணக்குகளுக்கு இது உதவும், அந்த கூகுள் கணக்குக்கே உதவாது. மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஆண்ட்ராய்டில் எடுத்த சேமிப்பை ஐபோனில் இறக்க முடியாது, ஐபோனில் எடுத்ததை ஆண்ட்ராய்டிலும் இறக்க முடியாது. பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் திரைப் பூட்டைத் திறந்தே உள்ளே போவது) என்று இப்போது எல்லாத் தளமும் கேட்கிறதே, அது நல்லதுதான். போலித் தளத்தில் அது வேலையே செய்யாது என்பதால் ஆறு இலக்கத்தைவிட உறுதி. புதுப் போனுக்கு அதைக் கொண்டுவரப் பழைய போனின் திரைப் பூட்டு எண்ணைக் கேட்கலாம். எனவே அந்த எண்ணை மறந்துவிடக் கூடாது.

இப்போது சிம். எஸ்.எம்.எஸ் ஓடிபிதான் எல்லாவற்றிலும் பலவீனமானது, இந்த நாட்டில் அதற்கு ஒரு கூடுதல் காரணம் சிம் ஸ்வாப். உங்கள் பேரைச் சொல்லி வேறொருவன் உங்கள் எண்ணுக்குப் புது சிம் வாங்கிவிடுவான். சிம் பதிவுக்கான ரிக்கா சட்டப்படி அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்க வேண்டும்தான், ஆனால் கள்ளச் சான்றும் உள்ளாள் துணையும் உள்ள இடத்தில் சட்டம் என்ன செய்யும்? பக்கத்தில் எல்லோருக்கும் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென்று 'நோ சர்வீஸ்' வந்து, அணைத்துப் போட்டும் நீடித்தால், வீட்டில் வேறொருவர் போனிலிருந்து முதலில் வங்கியின் மோசடிப் பிரிவை, அடுத்து நெட்வொர்க்கை அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று இதைவிடச் சாதாரணமானது, யாரும் கவனிப்பதில்லை. போனைப் பறித்தவனுக்குத் திரைப் பூட்டை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஊசியால் சிம் தட்டைத் தள்ளி, சிம்மை உருவித் தன் போனில் போட்டால், உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். வாட்ஸ்அப்பையும் உங்கள் பெயரில் திறந்து, சொந்தக்காரர்களிடம் பணம் கேட்பான். இதைத் தடுப்பது சிம் பின். சாம்சங்கில் செக்யூரிட்டி பகுதியில் 'செட் அப் சிம் கார்டு லாக்', ஐபோனில் மொபைல் டேட்டா பகுதியில் 'சிம் பின்'. முதலில் நெட்வொர்க் வைத்திருக்கும் பழைய பின் எண்ணைக் கேட்கும். அதை ஊகித்துப் போடாதீர்கள். மூன்று முறை தப்பினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் 8 இலக்க பக் (PUK) எண் கேட்கும். அதைப் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் குப்பைக்குத்தான். இரண்டு எண்ணும் சிம் வந்த அட்டையில் இருக்கும். அட்டை இல்லையென்றால் நெட்வொர்க்கிடம் கேட்டு வாங்கி, பேக்கப் கோடு இருக்கும் அதே தாளில் எழுதிவிட்டுப் பிறகு தொடங்குங்கள். இதைப் போட்ட பிறகு போன் அணைந்து எழும்போதெல்லாம் நான்கு இலக்கம் கேட்கும், அவ்வளவுதான் தொந்தரவு. ஈசிம் வைத்திருப்பவர்களிடம் உருவ ஒன்றுமே இல்லை. கூடவே, பூட்டிய திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மாற்றுங்கள். சிம்மை உருவாமலே ஓடிபியைப் படித்துவிட முடியும் என்றால் மற்றதெல்லாம் வீண்.

வாட்ஸ்அப்புக்குத் தனியாக இரண்டாம் படி உண்டு. செட்டிங்ஸ், அக்கவுன்ட், 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்று போய் ஆறு இலக்கப் பின் போடுங்கள். அங்கே மெயில் முகவரி கேட்கும்போது பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள்: முகவரி இல்லாமல் பின்னை மறந்தால் புதிதாகப் போட 7 நாள் காத்திருக்க வேண்டும். உங்கள் கணவர் புது சிம்மில் வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்ததும் பழைய போனில் அது மூடிக்கொள்ளும். இன்னும் செய்யவில்லையென்றால் இன்றே செய்யச் சொல்லுங்கள்.

வங்கி ஆப் அந்தந்தப் போனோடு கட்டப்பட்டது. பழைய போனின் இணைப்பைத் துண்டிக்க வங்கியிடம் சொல்லிவிட்டுப் புதுப் போனை இணைக்க வேண்டும். சில வங்கி ஆப்பிலேயே முகம் பார்த்து முடித்துவிடும், சில கிளைக்கு வரச் சொல்லும், அடையாள அட்டையோடு போங்கள். ஈஃபைலிங்கில் ஓடிபி போகும் எண்ணும் மெயிலும் உங்களுடையதா, என்றோ வரிக் கணக்குப் போட்டுத் தந்தவருடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனோடு பர்சும் அடையாள அட்டையும் போயிருந்தால், தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவு இலவசமாகச் செய்துகொள்ளலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் கூடுதலாகச் சரிபார்க்கச் சொல்லும் குறிப்பு அது. போலீஸில் புகார் எண் வாங்குவது இன்ஷூரன்ஸுக்குத் தேவை. ஆனால் முதல் பத்து நிமிடத்தின் வேலை அது இல்லை. முதலில் வங்கி, அடுத்து திரையைத் தொலைவிலிருந்து பூட்டுவது, அடுத்து சிம்மையும் போனையும் நெட்வொர்க்கில் தடை செய்வது. சிம்மை முதலிலேயே முடக்கிவிட்டால் பூட்டும் கட்டளை போனுக்குப் போய்ச் சேராமல் போகலாம். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் தயார் என்று நினைத்ததும் ஒரு ஒத்திகை பாருங்கள். போனை அணைத்து வேறு அறையில் வையுங்கள். கம்ப்யூட்டரில் பிரைவேட் விண்டோ திறந்து, காகிதத்தை மட்டும் வைத்து ஜிமெயிலுக்குள் போய்க் காட்டுங்கள். பயன்படுத்திய கோடை அடித்துவிடுங்கள். 1-ஐயும் 7-ஐயும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்கள் என்பதும், பாஸ்வேர்டே போனுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் வெளியே வரும். பாஸ்வேர்டை போனே நிரப்பிப் பழகிவிட்ட வீடுகளில் இரண்டாம் படிக்கு முன்னால் முதல் படியே தடுக்கி விழும்.

கோயில் கணக்குக்கு வருகிறேன். ஒரு பாஸ்வேர்டை ஐந்து பேர் வைத்துக்கொண்டு, இரண்டாம் படி மட்டும் செயலாளரின் போனில் இருப்பதுதான் பல கமிட்டிகளின் நிலை. அவர் ஊரில் இல்லை, கமிட்டி மாறியது, மனஸ்தாபம் வந்தது, எது நடந்தாலும் கோயில் வெளியே நிற்கும். ஜிமெயிலில் டெலிகேஷன் என்று ஒரு வசதி உண்டு. கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸின் அக்கவுன்ட்ஸ் பகுதியில் பொருளாளர், தலைவர் என்று மற்றவர்களின் மெயிலைச் சேர்த்தால், அவரவர் பாஸ்வேர்டிலேயே கோயில் மெயிலைப் படிக்கலாம், பதில் போடலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. சாதாரணக் கணக்கில் 10 பேர் வரை சேர்க்கலாம். கோயில் மெயிலின் பாஸ்வேர்டைத் தெரிந்தவர்கள் இரண்டு பேராகக் குறைந்துவிடுவார்கள்.

அந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே க்யூஆரை ஆளுக்கொரு முறை ஸ்கேன் செய்யட்டும். 'ஸ்கேன் செய்ய முடியவில்லையா' என்று இருப்பதைத் தொட்டால் அந்த 32 எழுத்து நான்கு நான்காகப் பிரிந்து எட்டுக் கூட்டமாகத் தெரியும். அதைக் கையால் எழுதி, பேக்கப் கோடுகளோடு உறையில் போட்டு, மடிப்பின் குறுக்கே இருவரும் கையெழுத்திட்டு, கோயில் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். எழுதும்போது ஒரு சௌகரியம்: அதில் 0, 1, 8, 9 வரவே வராது, எழுத்துகளும் 2 முதல் 7 வரை எண்களும்தான். வட்டமாகத் தெரிந்தால் அது ஓ எழுத்து, சந்தேகமே வேண்டாம். மீட்பு எண்ணாகச் செயலாளரின் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். கோயில் பெயரில் ஒரு எண் இருந்தால் அது. ஆண்டுப் பொதுக்குழுவில் பொறுப்பு மாறும்போது ஆத்தென்டிகேட்டரை நீக்கிப் புதிதாகப் போட வேண்டும். பழையவர் போனிலிருந்து ஆப்பை அழித்தால் போதாது, சாவியே மாற வேண்டும். ஃபேஸ்புக் பக்கத்துக்குப் பாஸ்வேர்டைப் பகிரும் தேவையே இல்லை. இரண்டு பேரை முழு அதிகாரத்தோடு சேர்த்தால் ஒருவர் போன் போனாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார். காவடிப் பட்டியலை மெயிலுக்குள் மட்டும் வைக்காமல், வாரம் ஒரு முறை பிரின்ட் எடுத்து அலுவலகக் கோப்பில் சேர்ப்பதும் நல்லது. தைப்பூசம் யாருக்காகவும் தள்ளிப் போவதில்லை.

கடைசியாக, ஜூலைப் பயணம். ஆத்தென்டிகேட்டர் இந்தியாவிலும் இங்கே போலவே ஓடும். வங்கி ஆப்பின் ஒப்புதலுக்கு இன்டர்நெட் இருந்தால் போதும், அங்குள்ள வைஃபையே காணும். எஸ்.எம்.எஸ் ஓடிபிக்கு மட்டும் ரோமிங் வேண்டும். அதைக் கிளம்புவதற்கு முன்பே இயக்கி, பிரீபெய்டு என்றால் ஏர்டைமும் போட்டுவிடுங்கள். அங்கே போய் இயக்கப் பார்த்தால் அதற்கே ஓடிபி கேட்டு நிற்கும். டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்தாலும் எஸ்.எம்.எஸ் வரும், செலவும் ஏறாது. இந்திய சிம் வாங்கினால் இரண்டாவது இடத்தில் போடுங்கள், தென்னாப்பிரிக்க சிம்மைக் கழற்றி ஹோட்டல் மேசையில் வைக்காதீர்கள். புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் 'எண்ணை மாற்றவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சென்னையில் இறங்கிய அன்றே சிறு தொகை அனுப்பி ஓடிபி வருகிறதா என்று பார்த்துவிட்டால், வராதபோது கவலைப்பட நேரமாவது இருக்கும்.

மதுரை மீனாட்சி கோயில் போன்ற இடங்களில் போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆடிக் கூட்டத்தில் இருவர் போனையும் ஒரே டோக்கனில் கொடுக்காதீர்கள். பேக்கப் கோடு சீட்டு உங்கள் கைப்பையில் ஒன்று, கணவர் பெட்டியில் ஒன்று இருக்கட்டும். பக் எண்ணையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். போனை அணைத்துக் கொடுத்து வாங்கியதும் சிம் பின் கேட்கும். தரிசனம் முடிந்த அசதியில் மூன்று முறை தப்பாகப் போட்டுவிட்டால், அந்த 8 இலக்கம் இல்லாமல் டர்பன் திரும்பும் வரை உங்கள் எண் ஊமையாகத்தான் இருக்கும்.